கூப்பிட ஒரு பேர்

கண்ணு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏலப்பாறையில், பவித்ராவின் அம்மா வீட்டில், உன் மகளுக்கு இருபத்தெட்டாம் நாள். இடுப்பில் கயிறு கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் நீ பேரைச் சொல்லப் போகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நீ வேலை பார்க்கும் மறையூர் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நீ எதையோ போட்டு மனசுல ஒழப்பிக்கற, உடு" என்று சிரித்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் இத்தனை நீளமாக எழுதினால் பாதியில் விட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் கடைசிவரை படிப்பாய். வாத்தியார் ஆனபிறகு உனக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு என் பேரை வைக்க வேண்டாம். நீ கேட்டபோது சம்மதம் சொன்னவள் நான்தான். இப்போது நானே அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? நான் தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டு எழுத்துல பேரு தேடித் தேடி அலுத்துப் போச்சும்மா. போன்ல பாத்தா நூறு பேரு வருது, ஒண்ணும் மனசுல நிக்கல. கடசீல பாத்தா கையிலயே இருக்குது. உன்ற பேரையே வெச்சரலாம்" என்றாய். ரெண்டு எழுத்து எதற்கு என்று கேட்டேன். வகுப்பில் ஹாஜர் எடுக்கும்போது சின்னப் பேர்க்காரப் பிள்ளைகள்தான் சட்டென்று நிமிர்ந்து பார்க்கின்றன என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி அந்தப் பேரோட பட்ட பாடு போதும்மா. எம் புள்ள அப்படிப் படக் கூடாது" என்றாய். கையிலிருந்த தேங்காயைக் குவியலில் போட்டேன். பிறகு, "உங்க இஷ்டம்" என்றேன். போனை வைத்துவிட்டு அந்தத் தோப்பில் என் பேரை நானே மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கல்லூரி விட்ட பிறகு என்னை அந்தப் பேரால் கூப்பிட அதிகம் பேர் இல்லை. உன் அப்பா "ஏம்புள்ள" என்பார். ஊர் என்னை உன் அம்மாவாகத்தான் அறியும். அந்தப் பேர் மறுபடி ஒரு சின்ன உடம்போடு நம் வாசலில் ஓடும் என்று நினைத்தபோது எனக்குக் கர்வமாக இருந்தது. அந்தக் கர்வத்தில்தான் நான் யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை.

உன் தங்கைக்கு வந்த கஷ்டம் அவள் பேரின் நீளத்தால் வந்தது என்று நீ நினைக்கிறாய். ராமாத்தாள் என்கிற பேர் அவள் தலைமுறையில் வேறு யாருக்கும் இல்லை என்பதும், நம் எல்லையோரப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் டீச்சர் அதை வாசித்தபோதெல்லாம் பின் பெஞ்சு சிரித்ததும் உண்மைதான். நீ அப்போது இரண்டு வகுப்பு மேலே இருந்தாய், இடைவேளையில் அந்தப் பின் பெஞ்சுப் பையன் ஒருவனைத் தள்ளிவிட்டு வந்தாய். ஆனால் அவளுடைய கஷ்டம் பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை. வீட்டில் தொடங்கியது.

அவள் வயிற்றில் இருந்தபோது நான் ஒரு பேர் வைத்திருந்தேன். வாணி. பெண்தான் என்று எனக்குள் ஒரு தீர்மானம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், நிலக்கடலை ஆயும்போதும், யாரும் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பேரைச் சொல்லி வயிற்றோடு பேசுவேன். உன் அப்பாவுக்கும் இது தெரியும். பேர் வைக்கிற அன்று காலை, "உனக்கு ஏதாவது மனசுல இருக்குதா, இருந்தாச் சொல்லு, அப்பங்கிட்டப் பேசறேன்" என்று கேட்டார். அவர் கேட்டதே பெரிது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க இஷ்டம்." அந்த ஒரு சொல்தான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் உன் தாத்தா குழந்தையை மடியில் வாங்கி, தன் மனைவியின் பேரை அதன் காதில் மூன்று தரம் சொன்னார். உன் அப்பத்தா, "பழைய பேரை எதுக்குங்க அந்தப் புள்ள தலையில கட்டறீங்க" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்குச் சந்தோஷம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அந்தத் தோப்பில் அப்படித்தான் நின்றேன்.

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம் என்று உனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, அந்த வழக்கத்துக்குள் ஒரு குழந்தை வளர்வது வேறு. நீ தப்பித்துவிட்டாய். தாத்தா பேரை உன் பெரியப்பா மகன் முன்பே எடுத்துக்கொண்டிருந்தான். உன் பெரியம்மா இன்றைக்கும் அவனைப் "பெரியவனே" என்றுதான் கூப்பிடுகிறாள், அவனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது. அதனால் உனக்கு மட்டும் நான் தேர்ந்தெடுத்த பேர் அமைந்தது. அதை வரப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கத்தியிருக்கிறேன். திட்டும்போது இழுத்துச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சலில் நீ கிடந்தபோது உன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். உன் தங்கையை நான் பாப்பா என்றேன். கோபம் வந்தால் "இந்தா புள்ள" என்றேன். உன் அப்பாவுக்கு அது பெற்றவளின் பேர், அதனால் அவர் "ஆத்தா" என்றார். நீ "குட்டி" என்றாய். அந்தப் பேரைச் சொல்லி யாரும் அவளை அதட்ட முடியாது, ஏனென்றால் அடுத்த அறையில் அந்தப் பேருக்குரிய பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சவும் முடியாது. கடைசியில் ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூட ரெஜிஸ்டரிலும் மட்டும் அது இருந்தது. எழுதச் சொன்னால் எனக்குத் தடையே இல்லை, இதோ இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேனே. வாய்தான் வராது.

பழனியில் அவள் காணாமல் போன கதையை நீ உன் கல்யாணத்தில்கூட நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தாய். நீ அப்போது பக்கத்தில் இல்லை, உன்னை மொட்டை போட அப்பா உள்ளே கூட்டிப் போயிருந்தார். நடந்ததை முழுதாக நான் உனக்குச் சொன்னதில்லை. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகளின் பக்கம் நானும் உன் அப்பத்தாளும் நின்றுகொண்டிருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், பிறகு பார்த்தால் என் கையில் பை மட்டும் இருந்தது. காவடிக் கூட்டம் ஒன்று எங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நான் "பாப்பா, பாப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்தத் தெருவில் இருந்த பெண் குழந்தைகளில் பாதி திரும்பிப் பார்த்தன. அவர்களுடைய அம்மாக்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மைக் வைத்திருந்த கொட்டகைக்கு ஓடி, குழந்தையைக் காணோம் என்றேன்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் மைக்காரர்.

"பாப்பா."

"எல்லாக் கொழந்தையும் பாப்பாதாம்மா. பேரு என்ன, அதச் சொல்லுங்க."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்ற உன் அப்பத்தாளைப் பார்த்தேன். என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இதை நீ நம்ப மாட்டாய். நான் பி.எஸ்ஸி. படித்தவள், கல்லூரியில் மேடையேறிப் பேசியவள், என் குழந்தை கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறது, நான் ஊமை மாதிரி நிற்கிறேன். உன் அப்பத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு அம்மிணி. என்ற பேரச் சொன்னா உன்ற வாயி வெந்தா போயிரும்? சொல்லு." எனக்கு அழுகைதான் வந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கினாள். "ராமாத்தா, ஏ ராமாத்தா, நாந்தான் ராமாத்தா கூப்புடறேன், எங்கிருந்தாலும் வா சாமி" என்று அடிவாரம் முழுக்கக் கேட்கும்படி தன் பேரைத் தானே கூவினாள். மைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏனாத்தா, காணாமப் போனது நீங்களா, உங்க பேத்தியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைக்காரர் ஒருவர் அவளைக் கூட்டி வந்தார். கூப்பிட்ட தூரத்தில்தான் நின்றிருக்கிறாள், அழவும் இல்லை. ஏன் சாமி வரவில்லை என்று கேட்டதற்கு, "அப்பத்தாளைக் காணோம்னு மைக்குல சொன்னாங்க. நான் தேடிட்டிருந்தேன்" என்றாள். அவள் சொன்ன விதத்தில் எல்லோரும் மறுபடி சிரித்தோம். நானும்தான். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தேன். நம் வீட்டின் நல்ல கதைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை தன் பேரை ஒலிபெருக்கியில் கேட்டு, அது தன்னை இல்லை என்று நினைத்திருக்கிறது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமேலாச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகு. நாந்தான் சொல்றனல்ல" என்றாள். "செரிங்கத்தை" என்றேன். மறுநாள் காலையில் அவளுக்குத் தலைவாரக் கூப்பிட்டபோது பாப்பா என்றுதான் கூப்பிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை கண்ணு. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். மாமியார் கொடுமை என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது. கல்யாணமாகி வந்தபோது, காலேஜில் படித்த பெண், எங்கே அடங்கப் போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். சில வருஷத்தில் அதே பெண்கள் மாரியம்மன் கோவிலில் என்னைக் காட்டி, "படிச்ச புள்ளையாட்டவா இருக்குது, மாமியா பேர இன்னி வரைக்கும் வாயில எடுத்ததில்லயே" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனசில்லை. என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்து நான் ஊரில் மெச்சப்பட்டேன்.

உன் அப்பத்தா போனபிறகாவது கூப்பிட்டிருக்கலாம். அப்போது உன் தங்கை பிளஸ் டூ. கூடத்தில் மாலை போட்ட படம் வந்தது, படத்துக்குக் கீழே பேர். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு சாக்கு. பிறகு அவள் திருச்சூருக்குப் படிக்கப் போனாள், அங்கேயே ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கும் சேர்ந்தாள். போனில் பேசும்போது பேரே தேவையில்லை. "சாப்பிட்டயா" என்று தொடங்கிவிடலாம்.

போன வருஷம் நிலக்கடலையும் நெய்யும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் அவளைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு பெண், "தாரா" என்று கூப்பிட்டாள். உன் தங்கை திரும்பினாள். அந்தத் திரும்பலை நான் உனக்கு எப்படிச் சொல்வது? உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் திரும்பியது, முகம் முன்பே மலர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் வளர்த்த பிள்ளையின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று. என் குரலுக்கு அவள் வருவாள், பதில் சொல்வாள். அப்படித் திரும்பியதில்லை. தாரா யார் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டாள். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் பேர் கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொன்னேன், இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள். "உனக்கு ஒரு பேரு இருக்குதல்ல பாப்பா" என்றேன். அவள் கோபப்படவில்லை. என் பையிலிருந்த கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, "கூப்பிடறதுக்குன்னு ஒண்ணு வேணுமில்லம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன்னிடமும் அப்பாவிடமும் அவள் பேரை மாற்றிக்கொண்டதை மட்டும் சொன்னேன். பழைய பேர், நீளமான பேர், அதனால்தான் என்று நீ சொன்னாய். நான் மறுக்கவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் சௌகரியமாக இருந்தது. இப்போது நீ ரெண்டு எழுத்துப் பேர் தேடுவது அந்த மௌனத்திலிருந்து வந்ததுதான். பேர் குறுகியிருந்தால் போதும் என்று நினைக்கிறாய். தாராவும் ரெண்டு எழுத்துதான், வாணியும் ரெண்டு எழுத்துதான், என் பேரும் அப்படித்தான். எழுத்தைக் குறைத்து ஆவதொன்றும் இல்லை. ராமாத்தா என்று அவளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாய் நிறையக் கூப்பிட்டிருந்தால் பின் பெஞ்சு சிரித்தது அவளுக்கு உறைத்திருக்காது.

இவ்வளவும் எனக்கு எப்போது விளங்கியது என்றால், போன வாரம் நான் ஏலப்பாறை போய்க் குழந்தையைப் பார்த்தபோதுதான். பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது முதுகு ஒடிந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் பவித்ரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இளவெயிலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உன் நெற்றியோடு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கொழுந்து எடுக்கப் போகும் வழியில் நின்று, "பேரு முடிவு பண்ணியாச்சா பவி?" என்று கேட்டாள். பவித்ரா என்னைக் கண்ணால் காட்டி, "அத்த பேருதான்க்கா" என்றாள்.

"அத்த பேருன்னா என்ன பேரு?"

பவித்ரா சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் அம்மாதான் உள்ளேயிருந்து என் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னிடம், "பாத்தீங்களா மதினி, எம் மவ ஒங்க மேல வச்சிருக்க மரியாதய. ஒங்க பேர வாயில எடுக்க மாட்டா" என்றாள். எங்கள் வழக்கம் அவளுக்கு எப்படி வந்தது? அவர்கள் பக்கம் இவ்வளவு பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஏன் சாமி, யாரு உனக்கு இப்படிச் சொன்னது?" என்றேன்.

"நீங்கதான அத்த. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி எல்லாரும் உக்காந்து பேசிட்டிருக்கையில சொன்னீங்கள்ல, ஒங்க மாமியா பேர ஒரு நாளும் சொன்னதில்லன்னு. நம்ம வீட்டுல அப்பிடித்தான் போலன்னு நான் நெனச்சேன்."

சொன்னேன் கண்ணு. பழனிக் கதையை நீ சொல்லி முடித்ததும், எல்லோரும் சிரித்த சிரிப்பில், நானும் பெருமையாகச் சொன்னேன். புதுப்பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டு, புகுந்த வீட்டுச் சட்டம் என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள்.

"அப்ப கொழந்தைய என்னன்னு கூப்பிடுவ?" என்றேன்.

"தங்கம், குட்டி, எதாச்சும் சொல்லிக்கிடலாம் அத்த. பேரு பள்ளிக்கூடத்துக்குத்தான."

கூப்பிடு, எனக்கு ஒன்றும் இல்லை, நானே சொல்கிறேன் என்று அவளிடம் வற்புறுத்தினேன். அவள் "செரி அத்த" என்றாள். பஸ்ஸில் என் மாமியாருக்கு நான் சொன்ன அதே "சரி" அது. எனக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தூங்குவதாக நினைத்திருக்கிறாள். குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தாள். ரெண்டு எழுத்துப் பேர். புதிதாகச் சொல்கிற மாதிரி இல்லை, மாதக்கணக்காகச் சொல்லிப் பழகின வாய். நான் புரண்டதும் நிறுத்திவிட்டாள். என்ன பேர் சாமி அது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அத்த, சும்மா" என்றாள். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். அது அவள் உன்னிடம் சொல்ல வேண்டியது. நீ அவளிடம் கேட்டாயா? என் பேரை வைக்கலாம் என்று சொன்னபோது அவள் என்ன சொன்னாள் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய்: "ஒங்க இஷ்டம்னு சொல்லிட்டாம்மா." அதைச் சந்தோஷமாகச் சொன்னாய். கண்ணு, நம் வீட்டுப் பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்கப்புறம் ஒருமுறை கேள். உன் அப்பா ஒரு தடவை கேட்டார், அதற்கு இன்றைக்கும் நான் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பவித்ரா டீச்சர் டிரெயினிங் முடித்தவள், உன்னோடு படித்தவள், நாளைக்கு இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நீ நினைக்கலாம். நானும் படித்தவள்தான். முதல் நாள் கூப்பிடாமல் விட்டால் பத்தாம் நாள் வராது. அதனால் அவள் வாய் ஏற்கனவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிற பேரைக் குழந்தையின் காதில் சொல். அப்பா வருத்தப்படுவார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். என்னைப் பற்றி யோசிக்காதே. என் பேர் என்னோடு இருக்கட்டும். பவித்ராவுக்கு ஆசையானால் என்னையே பேர் சொல்லிக் கூப்பிடட்டும், நான் திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று உன் தங்கை இரண்டு நாள் லீவு முடிந்து திருச்சூர் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை நேராக ஏலப்பாறைக்கு வந்துவிடுகிறேன் என்றாள். நான் வாசலில் நின்றேன், அவள் பையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இந்தக் கடிதம் பாதியில் மேஜைமேல் இருந்தது. உனக்கு இத்தனை புத்தி சொல்கிறவள் இதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. "ராமாத்தா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். இந்த முறை நின்றாள். மெதுவாகத் திரும்பி, என்னையும் எனக்குப் பின்னால் கூடத்தையும் பார்த்தாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு கேட்டாள்.

"என்னம்மா, அப்பத்தா நெனப்பு வந்திருச்சா?"

"இல்ல சாமி. உன்னத்தான் கூப்பிட்டேன்."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொருக்கா கூப்பிடு" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. நான் வாயைத் திறந்தேன். பாப்பா என்றுதான் வந்தது.

அம்மா